பிரஷர் குளிசையும் யட்டவத்த பஸ்ஸும்

பாமசி கவுண்டர்ல நிக்கிற எல்லாருக்கும் தெரியும்: காய்ச்சல்காரங்க மருந்த வாங்கிட்டுப் போயிடுவாங்க, பிரஷர்காரங்கதான் வாங்கின மருந்தையே திருப்பிக் கொண்டாந்து நம்மகிட்ட சண்டை போடுவாங்க. கால் வீங்க வீங்க நின்னு, "சாப்பாட்டுக்கு முந்தி, சாப்பாட்டுக்குப் பிந்தி"ன்னு ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்லித் தொண்டை கட்டிப்போன என் இனத்து மக்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். மத்தவங்க இதைப் படிச்சா சிரிப்பாங்க. நீங்க தலையில அடிச்சுக்குவீங்க.

நாட்டுல யுத்தம் நடந்துகிட்டிருந்த காலம். நான் மாத்தளை டவுன்ல ஒரு பாமசியில வேலை பாத்தேன். வீடு யட்டவத்த. போக வர எனக்கு ஒரே ஒரு பஸ்தான் தோதுப்பட்டு வரும். அந்த பஸ்ஸ ஓட்டுனவரு நஸீர் நானா. முஸ்லிம் அண்ணன்மார நாங்க நானான்னுதான் கூப்பிடுவோம். நஸீர் நானாவுக்கு பிரஷர். அவரு குளிசை வாங்குறது என்கிட்ட. இப்ப விளங்குதா என் கஷ்டம்? உங்க நோயாளி குளிசை போடாட்டி அவருக்கு மட்டும்தான் ஆபத்து. என் நோயாளிக்குத் தலை சுத்தினா நானும், அதே பஸ்ஸுல இஸ்கூலுக்குப் போற என் ரெண்டு புள்ளைகளும், இன்னும் நாப்பது பேரும் பள்ளத்துல கெடப்போம்!

சுகமாயிட்டாராம்

எங்க பாமசியில பின்பக்கத்து ரூம்ல சாயந்தரம் ஒரு டொக்டர் வந்து உக்காருவாரு. தலைவலின்னு போன நானாவுக்கு பிரஷர் பாத்து, "என்ன மனுசன் நீங்க, இவ்வளவு பிரஷரோடயா பஸ் ஓட்டுறீங்க?"ன்னு சத்தம் போட்டு, குளிசை எழுதிக் குடுத்தாரு. நானா ஒரு மாசம் ஒழுங்கா போட்டாரு. திரும்பப் பாத்தா பிரஷர் நல்லா எறங்கியிருந்துச்சு. எனக்கு அவ்வளவு சந்தோசம். அன்னைக்கு பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்து நிம்மதியா தூங்கிட்டே போனேன்.

அடுத்த மாசம் ஆளக் காணோம். பஸ்ஸுல தினமும் பாக்குறேன், பாமசிப் பக்கம் மட்டும் வரல. ஒரு நாள் ஸ்டாண்டுல புடிச்சுக் கேட்டேன், "நானா, குளிசை முடிஞ்சிருக்குமே?" மனுசன் சிரிக்கிறாரு. நிப்பாட்டி மூணு வாரமாச்சாம்! பிரஷர் எறங்கினதே குளிசையாலதான், நிப்பாட்டினா திரும்ப ஏறும், ஏறுறது வெளியில தெரியாதுன்னு நான் மூச்சு வாங்க விளக்கம் சொல்றேன். அவரு துணியால பஸ் கண்ணாடியத் தொடச்சுகிட்டே கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி: "காய்ச்சல் விட்ட பொறகும் காய்ச்சல் குளிசை போடுவாங்களா தங்கச்சி?"

உப்பே தொடுறதில்ல

உப்பக் கொறைக்கச் சொன்னா எல்லாரும் சொல்ற பதில் உங்களுக்குத் தெரியும். "உப்பா? நான் தொடுறதே இல்ல." நானாவும் அதைத்தான் சொன்னாரு. வீட்டுல சோத்துக்கு உப்பே போடுறதில்லையாம், பொஞ்சாதி சாட்சியாம். நானும் நம்பிட்டேன். அன்னைக்கே சாயந்தரம் ஸ்டாண்டுல பாக்குறேன், டிரைவர் சீட்டுல சாஞ்சுகிட்டு, மடியில கடதாசிச் சுருளோட மாங்கா, அன்னாசி, வெரளிக்கா எல்லாம் கலந்து வெளுத்துக் கட்டுறாரு. உப்பு பூத்துப்போயி வெள்ளையா தெரியுது! நான் ஜன்னலத் தட்டினதும் சுருளை மறைக்கப் பாத்தாரு, முடியல. அப்புறம் நெஞ்ச நிமித்திகிட்டுச் சொன்னாரு: "இது உப்பு இல்ல தங்கச்சி, அச்சாறு."

ஐயா குடுத்த வெள்ளைக் குளிசை

நானா ஒருவழியா திரும்பக் குளிசை போட ஆரம்பிச்ச பொறகு, ஒரு தடவ திடீர்னு ஊரடங்கு போட்டாங்க. கடையெல்லாம் பூட்டு. அதுக்கு முந்தியே நான் தலபாடா அடிச்சுக்குவேன், "குளிசை முடியுற அன்னைக்கு வராதீங்க, ரெண்டு வாரத்துக்குக் கையில மிச்சம் வச்சுக்கங்க, நம்ம நாட்டுல நாளைக்குக் கடை தெறக்குமான்னு யாருக்குத் தெரியும்"னு. நானா எங்க கேட்டாரு? ஊரடங்கு எடுத்து பஸ் ஓடின முதல் நாள், அவருகிட்ட ஒரு குளிசை இல்ல. அதை அவரு முன் சீட்டுல உக்காந்திருந்த தில்லைநாதன் ஐயாகிட்ட சொல்லியிருக்காரு.

இந்த ஐயா கச்சேரியில, அதான் அரசாங்க ஒபீஸ்ல, கிளார்க்கா இருந்து பென்சன் வாங்கினவரு, யாழ்ப்பாணத்து மனுசர், தங்கமானவரு. அவருக்கும் பிரஷர். சட்டைப் பையில எப்பவும் குளிசை அட்டை இருக்கும். எடுத்து நீட்டிட்டாரு. நானாவும் அப்படியே விழுங்கிட்டாரு. வழியில பலாபத்வல வர்றதுக்குள்ள நானாவுக்கு இழுப்பு! நெஞ்சுக்குள்ள விசில் அடிக்குது, மூச்சு விட முடியல, பஸ்ஸ ஓரங்கட்டிட்டு ஸ்டியரிங்கப் புடிச்சுகிட்டு வாயத் தெறந்து தெறந்து மூடுறாரு. நல்ல வேளையா இழுப்புக்கு அடிக்கிற பம்ப் அவரு பையிலயே இருந்துச்சு.

சின்ன வயசுலருந்து நானாவுக்கு இழுப்பு. அதனாலதான் டொக்டர் பாத்துப் பாத்து அவருக்கு வேற குளிசை குடுத்திருந்தாரு. ஐயாவோட குளிசை இழுப்புக்காரங்களுக்கு ஆகவே ஆகாது. பிரஷர் ஒண்ணுதான், குளிசை ஆளுக்கு ஆள் வேற. அதை நான் பஸ்ஸுக்குள்ள நின்னு கத்திச் சொன்னேன், பாதிப் பேரு தலையாட்டுனாங்க. ஐயா மொகம் செத்துப்போச்சு. குளிசை அட்டைய சட்டைப் பைக்குள்ள வச்சுகிட்டு என்கிட்ட பாவமா கேட்டாரு: "அவருக்கு இழுப்பு எண்டு எனக்கு ஆர் சொன்னது பிள்ளை? பிரஷர் எண்டு மட்டும்தானே சொன்னவர்!"

கிளினிக் நாள்

இது எங்க ஊருக்குன்னே அமைஞ்ச வியாதி. ஆஸ்பத்திரி கிளினிக்னா நம்ம ஆளுங்க விடியக்காலையில எந்திரிச்சு, பச்சத் தண்ணி பல்லுல படாமப் போயி லைன்ல நிப்பாங்க. ரத்தத்துல சீனி பாக்குறவங்களுக்கு வெறும் வயித்தோட வரச் சொன்னது, எப்படியோ பரவி எல்லாருக்கும் சட்டமாயிடுச்சு. வெறும் வயிறுன்னா குளிசையும் இல்லதானே! ஆக மாசத்துல மத்த எல்லா நாளும் ஒழுங்கா குளிசை போடுறவன், பிரஷர் பாக்குற அந்த ஒரு நாள் மட்டும் போடாமப் போறான். பிரஷர் ஏறி நிக்குது. பாக்குற டொக்டர் என்ன செய்வாரு? "இது பத்தல"ன்னு குளிசையக் கூட்டிக் குடுப்பாரு.

நானா செலவ மிச்சம் புடிக்கிறேன்னு ஒரு தடவ என்கிட்ட சொல்லாம ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போயி, இதே மாதிரி குளிசைய ரெட்டிப்பாக்கிட்டு வந்துட்டாரு. மறுநாள்லருந்து ரெட்டிப்பு அளவையும் ஒழுங்கா போடுறாரு, கிளினிக் இல்லாத நாள்தானே! நாலாம் நாளு மத்தியானம் ஸ்டாண்டுல சீட்ட விட்டு எறங்கினவரு அப்படியே ஆடுறாரு. பஸ்ஸப் புடிக்கிறாரு, கம்பத்தப் புடிக்கிறாரு, காத்தப் புடிக்கிறாரு. பாத்தவங்க எல்லாம் குடிச்சிருக்காருன்னு முடிவே பண்ணிட்டாங்க. வாழ்க்கையில ஒரு சொட்டுத் தொடாத மனுசன்! கத அன்னைக்கே பஸ் முதலாளி காது வரைக்கும் போயிடுச்சு.

நான் ஓடிப்போயி உக்கார வச்சு, எங்க டொக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். பிரஷர் தரைக்கு வந்திருந்துச்சு. டொக்டர் அளவக் கொறச்சு, காலையில ஒண்ணு, ராவுக்கு ஒண்ணுன்னு எழுதிக் குடுத்து, கிளினிக் நாளானாலும் குளிசை போட்டுட்டுத்தான் போகணும், படுத்தவரு எந்திரிக்கிறப்ப கொஞ்ச நேரம் உக்காந்துட்டு மெதுவா எந்திரிக்கணும்னு பாடம் எடுத்தாரு. வெளியில கண்டக்டர் பண்டார நின்னுகிட்டிருந்தாரு. சிங்கள ஆள், தமிழ் நம்மளவிட நல்லா பேசுவாரு. கேட்டதும் நெத்தியில அடிச்சுகிட்டாரு: "குடிச்சிருந்தாக்கூட முதலாளிகிட்ட சொல்லிக்கலாம் மிஸ், குளிசை போட்டு வெறிச்சாருன்னு சொன்னா எவன் நம்புவான்?"

தாத்தா யாரு?

கொஞ்ச நாள்ல நானாவுக்குக் கால் வீங்குதுன்னு டொக்டர் தண்ணிக் குளிசையும் ஒண்ணு சேத்தாரு. காலையில போட்டா அடுத்த ரெண்டு மூணு மணித்தியாலம் ஒண்ணுக்கு ஓடிக்கிட்டே இருக்கணும், உங்களுக்குத் தெரியாததா? "முதல் ட்ரிப் முடிஞ்சு மாத்தளைக்கு வந்து போடுங்க நானா"ன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். கேக்கல. வீட்டுலயே போட்டுட்டு வந்து வண்டிய எடுத்துட்டாரு.

அன்னைக்குன்னு பாத்து பலாபத்வலயில செக்கிங். எல்லாரும் எறங்கி அடையாள அட்டையக் கையில புடிச்சுகிட்டு லைன்ல நிக்கிறோம். டிரைவரும் நிக்கணும். லைன் அசையவே மாட்டேங்குது. நானா ஒரு கால மாத்தி ஒரு கால்ல நிக்கிறாரு, வேர்த்து ஊத்துது, அங்கயும் இங்கயும் பாக்குறாரு. துவக்கு வச்சிருந்த சோல்ஜருக்கு சந்தேகம் வந்துடுச்சு. நேரா நானாகிட்ட வந்து, "ஏன் இந்தப் பதட்டம்?"னு சிங்களத்துல அதட்டுறான். இருவது வயசு இருக்கும். நானாவுக்கு வாய் தெறக்கல, தெறந்தா வேற ஏதாவது தெறந்துடும்னு பயம். நான் லைன விட்டு முன்னால போயி, "மாத்தயா, இவரு பிரஷர்காரரு, தண்ணிக் குளிசை போட்டிருக்காரு"ன்னு சிங்களத்துல சொல்லிட்டேன். சோல்ஜர் ஒரு நிமிசம் மொறச்சான். அப்புறம் பாருங்க, வாய் விட்டுச் சிரிச்சான்! "அபே தாத்தத் பொனவா"ன்னு சொல்லி, துவக்காலயே காட்டுப் பக்கம் வழிகாட்டினான். "எங்கப்பாவும் இதத்தான் போடுறாரு"ன்னு அர்த்தம். நானா ஓடின ஓட்டத்த நீங்க பாக்கணும்!

கூத்து அதுக்கப்புறம்தான். திரும்ப பஸ்ஸுல ஏறினதும் நானா சந்தோசத்துல தமிழ்ல கத சொல்றாரு, "அவன்ட தாத்தாவுக்கும் பிரஷராம்." சிங்களத்துல தாத்தான்னா அப்பா. எங்க வீட்டுல தாத்தான்னா அம்மாவோட அப்பா. நானா வீடு மாதிரி முஸ்லிம் வீடுகள்ல தாத்தான்னா அக்கா! பின் சீட்டுல இருந்த ஒரு முஸ்லிம் அம்மா கன்னத்துல கைய வச்சுகிட்டாங்க: "யா அல்லாஹ்! அவனே சின்னப் புள்ள, அவன்ட தாத்தாவுக்கு அந்த வயசுலயே பிரஷரா?"

யாரு மணி அடிச்சது?

சிரிச்சாச்சா? இனி சிரிக்க முடியாது.

நோன்பு வந்துச்சு. நோன்புக்கு முந்தியே டொக்டர்கிட்ட வந்து குளிசை நேரத்த மாத்திக் கேட்டுக்கங்கன்னு நானாகிட்ட மூணு தடவ சொன்னேன். "இன்ஷா அல்லாஹ், வாரேன்"னாரு. வரல. ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடிஞ்சு, டியூசன்லருந்து வந்த புள்ளைங்களையும் கூட்டிகிட்டு மத்தியான பஸ்ஸுல ஏறினேன். நல்ல வெயில். பஸ் நெறஞ்சு நிக்குது. நான் டிரைவருக்குப் பின்னால சீட்டு. பலாபத்வலயில திரும்பி ஏத்தம் ஏறுறப்ப கண்ணாடியில நானா மொகத்தப் பாத்தேன். ஒதடு காஞ்சு வெள்ளையா இருக்கு. கண்ண ரெண்டு தடவ கசக்கினாரு.

"நானா, குளிசை எப்பப் போட்டீங்க?"

"மூணையும் விடிய முந்தி ஸஹர் சாப்பாட்டோடயே போட்டுட்டேன் தங்கச்சி."

காலையில போடுறது, ராவுக்குப் போடுறது, தண்ணிக் குளிசை, மூணும் ஒண்ணா! ராவுக்குத் தூங்குறப்ப பிரஷர் எதுக்கு ஏறப்போகுது, பகல்ல ஓட்டுறப்பத்தானே அடக்கணும்னு அவரே கணக்குப் போட்டிருக்காரு. விடியலருந்து ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. தண்ணிக் குளிசை இருந்த தண்ணியையும் எறக்கியிருக்கும். எந்திரிச்சு, "பஸ்ஸ நிப்பாட்டுங்க!"ன்னு கத்தினேன். "இன்னும் ரெண்டு முடக்குதானே, சும்மா இருங்க"ங்குறாரு. பின்னால இருந்தவங்க என்னைத் திட்டுறாங்க, "வீட்டுக்குப் போக விடுங்க மிஸ்"னு. முன்னால எறக்கம், அதுல ரோடு வளைஞ்சு திரும்புற முடக்கு, முடக்குக்கு அந்தப் பக்கம் பள்ளம். என் சின்னவ என் சேலையப் புடிச்சுகிட்டு நிக்கிறா.

என்ன செஞ்சேன்னு கேக்குறீங்களா? கைய ஒசத்தி மணிக் கயித்த இழுத்தேன். ஒரே ஒரு மணி. ரெண்டு மணி அடிச்சா போகணும், ஒரு மணி அடிச்சா நிப்பாட்டணும். இருவது வருசம் அந்த மணிக்குக் கட்டுப்பட்ட கால் அது. நான் கத்தினதுக்கு நிக்காத பஸ், மணிக்கு நின்னுடுச்சு! பிரேக்க இழுத்துப் பூட்டிட்டு, மணி அடிச்சவனத் திட்டுறதுக்குக் கோவமா எந்திரிச்ச நானா, எந்திரிச்ச வேகத்துலயே கண்ணு சொருகி பண்டார மேல சாஞ்சுட்டாரு.

என்னைத் திட்டினவங்களே ஓடி வந்து தூக்கினாங்க. தட்டையா படுக்க வச்சு, கால ஒசத்திப் புடிச்சோம். பின்னால வந்த வேன்ல ஏத்தி, புள்ளைகள தில்லைநாதன் ஐயாகிட்ட விட்டுட்டு நானும் பண்டாரவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சேலைன் ஏத்தினாங்க. நோன்பு முறிஞ்சு போச்சேன்னு அவரு பொஞ்சாதி அழுதாங்க, விட்டதுக்குப் பதிலா பொறகு கழா நோன்பு புடிச்சுக்கலாம், ஹயாத்துதான், உசுருதான் முக்கியம்னு அவங்களே கண்ணத் தொடச்சுகிட்டாங்க. ரெண்டு போத்தல் ஏறினதுக்கப்புறம் நானா கண்ணத் தெறந்து எங்களப் பாத்தாரு. முதல் வார்த்த இதுதான்: "எறக்கத்துல மணி அடிச்சது யாரு?"

ஒரு மாசம் சீட்டு இல்ல

டொக்டர் ஒரு மாசம் பஸ்ஸத் தொடக் கூடாதுன்னுட்டாரு. முதலாளி வேற டிரைவரப் போட்டாரு. நானா தினம் சாயந்தரம் பிரஷர் பாக்க எங்க பாமசிக்கு வருவாரு. கவுண்டருக்கு முன்னால பெஞ்சுல உக்காந்து கையப் பாத்துகிட்டே இருப்பாரு. ஸ்டியரிங் புடிச்சுத் தழும்பேறின கை. ஒரு நாள் எனக்குத் தாங்க முடியாம, "ஏன் நானா, இத்தன சொன்னேனே, ஒண்ணாவது விளங்கலையா?"ன்னு கேட்டுட்டேன். அவரு தலையத் தூக்காம சொன்னாரு: "எல்லாம் விளங்கிச்சு தங்கச்சி. தினம் குளிசை போட்டா நோயாளி ஆயிடுவேன். நோயாளிக்கு யாரு பஸ் குடுப்பான்?"

ஒரு வருசமா இந்த மனுசன மடையன்னு நெனச்சு எவ்வளவு ஏசியிருக்கேன்! ஒளிச்சுப் போட்டதும், நிப்பாட்டினதும், கூட்டிப் போட்டதும் எல்லாம் அந்த ஒரு பயத்துலதான். எனக்குப் பஸ்ஸுல உயிர் பயம், அவருக்குப் பஸ்ஸே உயிர். "குளிசை போடுற டிரைவர் ஓட்டலாம் நானா, போடாத டிரைவர்தான் ஓட்டக் கூடாது"ன்னு சொல்லி, டொக்டர்கிட்டயும் சொன்னேன். மாசம் முடிஞ்சு பிரஷர் அடங்கி நின்னதும், டொக்டர் அதையே முதலாளிக்குக் கடிதமா எழுதிக் குடுத்தாரு.

திரும்பி வந்த முதல் நாள் காலையில யட்டவத்தயில பஸ் நெறஞ்சிருந்துச்சு. நானா சீட்டுல ஏறினாரு, ஆனா ஸ்டார்ட் பண்ணல. சட்டைப் பையிலருந்து குளிசை எடுத்தாரு. ஐயாவோட குளிசைய விழுங்கின அந்த ஒரு நாளத் தவிர, அதுவரைக்கும் அவரு குளிசை போட்டத யாரும் கண்ணால கண்டதில்ல. எல்லாரும் பாக்க, வாய்ல போட்டாரு. தண்ணிக்குத் திரும்பினா, அஞ்சாறு போத்தல் ஒரே நேரத்துல நீளுது! தில்லைநாதன் ஐயாவோட போத்தலத்தான் வாங்கினாரு. குடிச்சுட்டு நானா சிரிச்ச சிரிப்புல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பண்டார வாசல்ல தொங்கிகிட்டு, ரோட்டுல நின்னவங்களுக்கெல்லாம் கேக்குற மாதிரி தொண்ட கிழியக் கூவினாரு: "நானா குளிசை போட்டாச்சு! ஏறுங்க, ஏறுங்க, பலாபத்வல, மாத்தளை!"

ஒரு வருசமா பாமசி கவுண்டர்ல நின்னு நான் கத்திக் கத்தியும் ஆகாத வேலைய, கடைசியில பஸ் வாசல்ல தொங்கின ஒரு கண்டக்டர் ஒரே தடவ கத்தி முடிச்சுட்டாருங்க!